அண்ணாச்சிக்குப் பவுடர் போட்டது நான்தான்

சங்கரன்கோவில்
தை மாதம், செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அன்பு மகள் அபிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். அங்கே அந்த அமெரிக்கப் பனியில் நீ இருமாமல் தும்மாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளை ஜெபத்திலும் உன் பேரைச் சொல்லுகிறோம். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். எழுதி முடித்ததும் இதையே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன், அசல் கூரியரில் வந்து சேரும்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறார்கள், நடந்து போய் அங்கே சீனி போட்ட காப்பி குடிக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தை முகூர்த்தம் என்பதால் நம் ஜவுளிக்கடையில் மூச்சுவிட நேரம் இல்லை. நீ போன வருஷம் அனுப்பினாயே, நூறு வருஷத்துக்கு முந்தின அந்த அமெரிக்கப் படத்தின் பிரதி, புயலில் நாலு பேர் படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கிற படம், அதைக் கடையில் பட்டுச்சேலை அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பக்கத்துத் தெரு பார்வதியம்மாள் மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, இதில் உங்கள் இயேசு எவர் என்று கேட்டாள். படகும் புயலும் இருந்தால் வேதாகமப் படம்தான் என்று அவளாக முடிவு செய்துவிட்டாள். இல்லை, அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சாகசக் கதைப் புத்தகத்துக்கு நடுவில் போடுவதற்காக வரைந்தது என்று சொன்னேன். அவள் நகரவே இல்லை. முன்னால் இழுக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவன் மூஞ்சியே தெரியல, ஆனா உள்ளங்கை எரியுறது எனக்குத் தெரியுது" என்றாள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள் சொன்னது மக்கா இது.

அதற்குக் காரணமும் நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அந்தக் கால ஓவியர்கள் கடல்கொள்ளைக்காரனைப் போட வேண்டும் என்றால் கிழிந்த கோட்டு, துருப்பிடித்த கத்தி என்று நிஜமான சாமான்களைத் தேடி வைத்து, ஓர் ஆளுக்கு மாட்டிவிட்டு, கை கடுக்கக் கடுக்க நிற்க வைத்து வரைவார்கள், கயிறு இழுக்கிற படம் என்றால் முதலில் தாங்களே இழுத்துப் பார்த்து முதுகு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள் என்றாயே. அதைப் படிக்கத்தானே நீ அத்தனை தூரம் போனது. அதை நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும்தான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் படி.

உன் புத்தகக்காரர்கள் நாடு நாடாகப் பழங்கதைகளுக்குப் படம் போடுகிறார்கள், உன் ஊர்க் கதை ஒன்றுக்கு ஒரு படம் வரைந்து காட்டு, பிடித்திருந்தால் புத்தகம் முழுவதும் நீதான் என்று சொன்னதும் நீ கரிவலம்வந்தநல்லூர் துரைப்பாண்டி அண்ணாச்சி சொல்லுகிற கதையை எடுத்தாய் அல்லவா. பாளையக்காரர் காலத்தில் குதிரைப்படை வரும்போது அவர்கள் வகையறாவில் ஒருவர் தன் ஆட்டு மந்தையைப் பாதையில் விட்டு மறித்து, கோட்டையில் இருந்த பெண்டு பிள்ளைகள் தப்பிக்கிற வரைக்கும் ஒற்றை ஆளாக நின்றார் என்கிற கதை. உண்மையோ, அவர்கள் வீட்டில் கட்டிவிட்டதோ, கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். அண்ணாச்சியை ஆடு மேய்க்கிற இடத்திலேயே, மேய்க்கிற கோலத்திலேயே போட்டோ எடுத்து அனுப்பு என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அமெரிக்காவுக்குப் போகிற படத்தில் முப்பது வருஷமாக நம் கடையில் வேட்டி எடுக்கிற மனுஷன் அழுக்குத் துண்டோடு நிற்பதா என்று, அவரைச் சவரம் பண்ணி வரச் சொல்லி, கஞ்சி போட்ட வேட்டி சட்டை நானே கொடுத்து, தாவூது பாய் ஸ்டூடியோவில் என் கையாலேயே முகத்துக்குப் பவுடர் போட்டு நிறுத்தினேன். தாவூது பாய் பின்னால் இருந்த அருவித் திரையைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டு ஒரு காட்டைப் போட்டுத் தந்தார். காட்டில் எடுத்தது என்று உன்னிடம் சொன்னேன். அவர் நம் கடைக்கு வெள்ளையும் சொள்ளையுமாக வந்துதானே நீ பார்த்திருக்கிறாய், நம்பிவிட்டாய்.

நீ அதை வைத்து வரைந்தாய். ஆள் அழகாகத்தான் இருக்கிறார், ஆனால் படை வருகிற விஷயம் இவருக்கு இன்னும் தெரியாதது போல நிற்கிறாரே என்று அந்தப் புத்தகக்கார அம்மாள் திருப்பிவிட்டாள், பதினைந்தாம் தேதிக்குள் இன்னொரு படம், அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டாள். என் கையில் உயிர் இல்லைம்மா, எனக்கு இது வராது, இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வந்து கடையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று நீ அழுதாய். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. நீ வருகிறாய் என்றதும் அப்பா மறுநாளே மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டார்கள், நானும் உன் போர்வையை வெயிலில் போட்டேன். உண்மையைச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று நீ கேட்பாய், மன்னித்துக்கொள். அந்தப் பத்து நாளும் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் உன் பேரைச் சொல்ல நாக்கு கூசியது.

சனிக்கிழமை கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் கரிவலம்வந்தநல்லூர் போனேன். அண்ணாச்சி மந்தையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார், அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, நாலு நாள் தாடி. நான் போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ராஜபாளையம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்துவிட்டது, பாதி ஆடு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம், ஒரு குட்டி மட்டும் நடு ரோட்டில் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது. மனுஷன் நான் இருப்பதையே மறந்துவிட்டார். குட்டிக்கு முன்னால் பாய்ந்து, கம்பைக் குறுக்கே பிடித்து, பஸ்ஸுக்கு நேரே நெஞ்சைக் கொடுத்து நின்றார். "ஏலே, எங்கன வேணா போ, என் ஆடு தாண்டுன பொறவு போ" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பஸ் நின்றது. கடைசி ஆடு தாண்டுகிற வரைக்கும் கம்பை இறக்கவில்லை. அதற்குள் நான் முப்பத்திரண்டு போட்டோ எடுத்துவிட்டேன், எல்லாம் இத்துடன் வருகிறது. ஒன்றிலும் அவர் முகம் முழுசாக இல்லை. பஸ்ஸை எடுத்துவிட்டுக் குதிரைப்படையைப் போட்டுக்கொள். பிறகு பழைய படம் திரும்பி வந்த விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான், முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை ஆட்டைக் குறைத்துப் போட்டுவிடக் கூடாது என்றார். அவர் வேட்டியையும் துண்டையும் கம்பையும் கேட்டு வாங்கியிருக்கிறேன், துவைக்கவில்லை, அப்படியே கூரியரில் வருகிறது. கம்பு மட்டும் கொஞ்சம் பிந்தலாம். அவை வருகிற வரைக்கும் காத்திராதே, யாராவது ஓர் ஆளை ரோட்டில் நிறுத்தி இன்றைக்கே தொடங்கு. முதலில் நீ நின்று பார்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை அபிஷா. நான் பொம்மையை அனுப்பினேன், நீ பொம்மையைச் சரியாக வரைந்தாய். அந்த அம்மாள் கண்டுபிடித்தது என் பவுடரை. இந்தப் படத்தை நீ ஜெயிப்பாய், எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. தலைக்கு எண்ணெய் வை, பட்டினியாக உட்கார்ந்து வரையாதே, காலில் சாக்ஸ் போட்டுக்கொள். கர்த்தர் உன் கையை ஆசீர்வதித்து நடத்துவாராக.

டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, மாடியில் கூடவே நின்று இரண்டாவது கோட் அடிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மேலே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஹெலன் சாம்சன்