ஒரு இலை மட்டும் ஊதா

12 நவம்பர் 2003

அன்பு மகன் ஈவோவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், என் முழங்காலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ரொசாரியோவில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே ஒலிவ் பறித்து முடிந்தது, இந்த வருஷம் காய் குறைச்சல். எண்ணெய் ஆட்டும் இடத்தில் வரிசைக்காக உன் தங்கை பியா இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள், அவளுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

போனில் பாதி சொன்ன விஷயத்தை முழுசாக எழுதுகிறேன். நம் ஊர் அருங்காட்சியகத்தில் ஐந்நூறு வருஷப் பழசு என்று ஒரு தட்டை வாங்கி வைத்து, பீங்கான் தட்டுப் பட்டறையில் தூரிகை பிடித்த கிழவிகளையெல்லாம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு பெண் முகம், சுற்றிலும் பச்சை இலைகள், ஒன்று மட்டும் ஊதா. அங்கே பொறுப்பில் இருக்கும் ஒர்னெல்லா, நிறையப் படித்த பெண், அந்த இலை இறந்துபோன காதலியைக் குறிக்கிறது என்று விளக்கினாள். நான் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். அது உன் அப்பா வரைந்த தட்டு. செம்புப் பொடியும் மாங்கனீசுப் பொடியும் சுடுவதற்கு முன் ஒரே கறுப்பு, சூளைக்குள் போய் வந்தால்தான் ஒன்று பச்சை, மற்றது ஊதா. நிறைமாதமாக இருந்த நான் ஜாடி மாற்றிக் கரைத்து வைத்துவிட்டேன். அவர் முதல் இலையைப் போட்டார், எனக்கு வலி எடுத்தது, நீ பிறந்தாய். மறுநாள் அவரே கரைத்து மீதியை முடித்தார். சூளை திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. பிள்ளை பெற்றவள் என்றுகூடப் பார்க்காமல் ஒரு வாரம் திட்டினார், தட்டைக் குப்பை மேட்டில் எறிந்தார். எந்த வியாபாரி அதைப் பொறுக்கி, விளிம்பைக் கொத்தி, மண்ணில் புதைத்துப் பழசாக்கினானோ.

நீ போனில் சொன்னதை மறக்கவில்லை. “வாயை மூடிக்கிட்டு இரும்மா, அப்பாவைக் கள்ளத் தட்டு பண்ணினவர்னு சொல்லிடுவாங்க” என்றாய். மூன்று நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் வரைந்த முகத்தை வேறு எவனோ வரைந்தான் என்று ஊரே சொல்ல, கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. நான்காம் நாள் ஒர்னெல்லாவிடம் போய், “அந்த இலைக்கு ஐந்நூறு வயசு இல்லம்மா, என் பையன் வயசுதான், நாப்பத்தொண்ணு” என்றேன். பாவம், அவள் முகம் வெளுத்துவிட்டது. சோதனைக்கு அனுப்பினார்கள், நான் சொன்னதுதான் சரி என்று வந்தது. நீ பயந்தபடியே பேச்சும் வந்தது. ரொட்டிக் கடையில் ஒருத்தி வாயை விட்டாள், நானும் விட்டேன், அதோடு சரி.

இப்போது தட்டு அருங்காட்சியக மாடிப்படி ஓரத்தில் இருக்கிறது. கீழே ‘நசரேனோ பெல்லுச்சி, 1962’ என்று ஒரு அட்டை. பட்டறைத் தட்டுகளின் பின்னால் முதலாளி பெயர்தான் இருக்கும், அவர் வேலைக்குக் கீழே அவர் பெயரை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவதற்கு ஆளில்லை.

இங்கே குளிர் வந்துவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு வெயில் காலம் தொடங்கியிருக்கும், நடுப்பகலில் குழந்தையை வெளியே விடாதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். ஊருக்கு வரும்போது முதலில் மாடிப்படி ஓரத்துக்குப் போய்விட்டு, அப்புறம் வீட்டுக்கு வா.

உன் அம்மா,
எர்சிலியா