மண்புகைச் சாராயம்

யூலை 12, சனி
கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் புழுதி. மேல்வீட்டில் உட்துறைமுகம் தெரிகிற வாடகை அறைக்கு ஆள் வந்தாயிற்று: மோரா, ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு தீவு. விஸ்கி வடிக்கிற இடத்தில் வேலை. ஒரு பெண், அந்த வேலையில்! இங்கே கள்ளும் சாராயமும் எப்படி உண்டாகின்றன என்று பார்க்க வேண்டுமாம். மொழிபெயர்க்க நான்.

இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் வடித்தல் படிப்பிக்கிறேன், ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. என் கணவர் குடித்த காலத்தில் அந்த மணம் வந்தாலே யன்னலைத் திறந்துவிடுவேன். குடியை விட்டு இது இரண்டாவது வருடம். இவரிடம் சொல்லப் பயம். சொன்னேன். "போயிட்டு வாரும்" என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

யூலை 13, ஞாயிறு
மோராவுடன் குச்சவெளி. கூலிக்குப் பிடித்த வானுக்குள் வெக்கை. கள்ளுச் சீவுகிற யோகன் அண்ணன் பனையிலிருந்து இரண்டு மண்முட்டி இறக்கினார். சுண்ணாம்பு பூசியதில் இனிப்பான கருப்பநீர், பூசாததில் கள். சுண்ணாம்பு புளிக்க விடாது. பாடத்தில் சொன்னதுதான், கண்ணால் கண்டது இன்றைக்கு.

மோரா தன் ஊர் முறையைச் சொன்னாள். சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம்.
யோகன் அண்ணன்: "மண்ணைக் கொளுத்திக் குடிக்கிற சனமோ?"
மொழிபெயர்த்தேன். சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டாள்.

நான் கருப்பநீர் மட்டும். கள்ளு முட்டியை முகர்ந்து பார்த்தேன். பேக்கரியில் புளித்த பாண் மா மணம். ஆசை வந்தது உண்மை.

திரும்பும் வழியில் சாராயம் வாங்க இறங்கினாள். கடைக்காரர் என்னிடம்: "ரீச்சர், பொம்பிளையளுக்கு விக்க ஏலாது. சட்டம்." வடிக்கிறவளுக்கு வாங்க ஏலாது. எனக்குக் கோபம், அவளுக்கு வியப்பு.

யூலை 14, திங்கள்
விடைத்தாள் மிச்சம். அரிசி, உடுப்புத் தோய்க்கச் சவுக்காரம் வாங்க வேண்டும்.
பின்னேரம் மோரா புறப்பட்டாள். தன் தீவு விஸ்கி, சின்னப் போத்தல், என் கையில். வீட்டில் வைக்க ஏலாது என்றேன், காரணத்தையும் சொன்னேன். மூடியைத் திறந்து, முகர்ந்தாவது பார் என்றாள். பார்த்தேன். புறங்கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. போத்தலை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

குசினியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தேத்தண்ணி கொண்டுபோக, இவர் என் கையைப் பிடித்தார்.
"மணக்குது."
"நான் குடிக்கேல்லையப்பா."
"தெரியும். எப்பிடி இருந்தது, சொல்லும்."
சொன்னேன். தேங்காய்ச் சிரட்டை எரிந்த புகை. காய்ந்த கடற்பாசி. ஆஸ்பத்திரி மருந்து. அடியில் கொஞ்சம் தேன்.
கண்ணை மூடிக் கேட்டார். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.
"காணும், நிப்பாட்டும்" என்றார். கையை விடவில்லை.