உன்ர தாடையும் எங்கட ஐயாவின்ர வேலியும்

மச்சான், நேற்று பார்க் எக்ஸ்டென்ஷன் இறைச்சிக்கடையில ஆட்டுத்தலை வேண்ட நிண்டனான். கடைக்காரன் தலையை மெசின் வாளில வைச்சு தாடையைப் பிளந்தான். எலும்பு கருகிற மணம் மூக்கில அடிச்ச உடன கதவடிக்குப் பின்வாங்கிட்டன். "என்ன அண்ணை, விரதமோ?" எண்டு பகிடி விட்டான். தலையை வேண்டாமலே வெளியில வந்திட்டன். ஆஸ்பத்திரியில உன்ர தாடையை வெட்டினதும் இப்பிடி ஒரு வாளாலதானே.

உன்னட்டை ஒண்டு சொல்லக் கிடக்கு. எனக்கு நேரா சொல்ல வராது, சுத்தித்தான் வருவன், உனக்குத் தெரியும்.

ஊரில உங்கட வளவுக்கும் எங்கட வளவுக்கும் நடுவில ஒரு கிளுவை வேலி; கதியால் எண்டு நடுற தடி வேர் விட்டு மரமாகிடும். வேலி அடைக்கிற நாளெல்லாம், "உன்ர கொப்பன் கதியாலைத் தள்ளி நட்டிட்டான்" எண்டு எங்கட ஐயாவைக் காட்டி நீ கத்துவாய். ஒருக்கால் கத்தியோட வந்து, நட்ட தடியெல்லாத்தையும் கொத்தி விழுத்தினாய். மறிக்க வந்த என்ர தோளிலயும் ஒரு கொத்து. எலும்பு தெரிஞ்சுது. நானும் சும்மா விடேல்ல, அலவாங்குக் கம்பியால உன்ர முழங்காலில போட்டன். பேந்து ஷெல் விழுந்து ரெண்டு வளவும் ஒரே வெளியாப் போச்சு.

ரெண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோட, இந்தப் பனி நாட்டுக்கு வந்து, டோர்வல் எயார்போட்டில பெட்டி தூக்கிற வேலைக்குப் போறன். பெல்ட்டுக்கு மற்றப் பக்கம் நீ நொண்டி நொண்டி நிக்கிறாய். ஒரு பெட்டியைத் தூக்கி என்ர நெஞ்சுக்கு எறிஞ்சாய். நான் திருப்பி எறிஞ்சன். ஆற்றையோ பெட்டி வெடிச்சு, சோப்பும் சட்டையும் தரையெல்லாம். எங்களை மேய்க்கிற வேலைப் பெரியவன் ஓடிவந்து பிரெஞ்சில பேசினான். ரெண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கேல்ல. சிரிச்சிட்டம். அண்டையில இருந்துதான் மச்சான் எண்டு கூப்பிட்டம்.

கதை எங்கையோ போகுது. உன்ர கடவாயில புண் வந்தது அதுக்குப் பிறகு. நீ புகையிலை அதக்கி வைக்கிற அதே இடம். "சுண்ணாம்பு சுட்டது" எண்டு ஒரு வருசம் ஒளிச்சாய். பேந்து ஆஸ்பத்திரியில துண்டு வெட்டிப் பாத்தினம். டொக்டரம்மா ஒரு படம் காட்டினா. உன்ர சதைக்கு நிறம் போட்டு எடுத்ததாம். எங்கை பாத்தாலும் மண்ணிறம். உன்ர மகள்தான் பிரெஞ்சைக் கேட்டுச் சொன்னவள்.

"அப்பா, இந்த மண்ணிறமெல்லாம் ஒரு புரோட்டீனாம். உங்கட கட்டி அதைக் கனக்கச் செய்யுதாம். அது பக்கத்துச் சதையின்ர வேலியைக் கரைக்குமாம். அதுக்குள்ளால கட்டி கழுத்துக்கும் நெஞ்சுக்கும் போயிடுமாம்."

"இப்ப எங்க வரைக்கும் போட்டுதாம்?"

"கண்ணுக்குத் தெரியிறதை விடக் கூடவாம். அதால சுத்தியுள்ள நல்ல சதையிலயும் ஒரு விரல் அகலம் வெட்டவேணுமாம். பாதித் தாடையும் போகும், அப்பா."

நீ எழும்பின எழும்பலில கதிரை சுவரில போய் அடிச்சுது. "புண்ணை வெட்டச் சொல்லு! நல்ல இடத்தில என்னத்துக்கு ஒரு விரல்? இவ வேலி தள்ளுறா!" கூட வந்த என்னைக் காட்டி, "இவன்ர கொப்பன் செய்த வேலை!" படத்தைப் பறிச்சுக் கிழிச்சாய். காவலாளி வந்துதான் உன்னை இழுத்துக்கொண்டு போனவன்.

வெட்டச் சம்மதம் எண்டு கையெழுத்து வைக்காமல் வீட்டை வந்திட்டாய். மகள் எனக்கு போன் எடுத்தாள்.

"மாமா, இந்தக் கிழமை விட்டா பேந்து வெட்ட ஏலாதாம். நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்."

"நான் சொன்னா முதல்ல அடிப்பான், பிள்ளை."

"அடி வாங்குங்கோ, மாமா."

மத்தியானம் வந்தன். நீ வெளிப்படியில இருந்து பனியில சிவப்பாத் துப்பிக்கொண்டிருந்தாய். வெத்திலையோ ரத்தமோ தெரியேல்ல.

"டேய், ஐயா வேலி தள்ளினவர்தான். நானும் சேந்துதான்," எண்டன். "கதியால் வெளியிலதான் நிக்கும், வேர் முதலே உன்ர வளவுக்குள்ள ஓடியிடும். நீ தெரிஞ்ச தடியைத்தான் கொத்தினாய். இன்னும் ஒரு விரல் தள்ளி வேரோட கிண்டியிருந்தா நாங்கள் தோத்திருப்பம். இப்பவும் அந்தப் பிழையைத்தான் விடுறாய்."

"என்னடா சொன்னனி?"

"ஐயா கள்ளன்."

பாய்ஞ்சாய். ரெண்டு பேரும் ஐஸ் படியால உருண்டம். என்ர முகத்தில மாறி மாறிக் குத்தினாய். ரெண்டு பல்லுப் போச்சு. நான் கையைத் தூக்கேல்ல. உன்ர வாயும் வெடிச்சு, உன்ர ரத்தம் என்ர கண்ணுக்குள்ள விழுந்தது. களைச்சுப்போய் பனியில மல்லாந்து கிடந்து, "எனக்கு அண்டைக்கே தெரியும், எனக்கு அண்டைக்கே தெரியும்" எண்டு சிரிச்சாய். அடுத்த நாள் கையெழுத்து வைச்சாய்.

தாடையை அறுத்து, காலெலும்பை எடுத்து ஒட்டி, கழுத்தையும் கிண்டித் துப்பரவாக்கினவை. நாலு விண்டர் இருந்தாய். பாதி வாயால கஞ்சி குடிச்சாய், பேரப்பிள்ளையைத் தூக்கினாய். கோயிலில, கடையில, கண்ட ஆளுக்கெல்லாம், "இவன்ர கொப்பன் காணிக்கள்ளன், இவனே ஒத்துக்கொண்டவன்" எண்டு கொன்னிக் கொன்னிச் சொன்னாய். "ஐயாவை வித்திட்டாய்" எண்டு என்ர தம்பி இண்டுவரைக்கும் என்னோட கதைக்கிறேல்ல. பேந்து அது நெஞ்சுக்குப் போய் உன்னைக் கொண்டுபோட்டுது.

மச்சான், எங்கட ஐயா ஒரு விரல் நிலமும் தள்ளேல்ல. நூல் பிடிச்சு, உங்கட பக்கம் ஒரு சாண் விட்டுத்தான் நட்ட மனிசன். செத்தவரைக் கள்ளனாக்கினது நான். தம்பிக்கு உண்மையைச் சொல்லியிருப்பன். சொன்னா, கண்ட ஆளுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்ச நீ பொய்யனாப் போவாய். ஐயாவின்ர திவசத்தில படத்துக்கு முன்னால நிக்கேக்க, மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வருகுதில்லை. ஏனெண்டா, இன்னொருக்கால் அந்தப் படியில நிண்டாலும் அதையேதான் சொல்லுவன்.