ஒன்று எழுத வேண்டிய கட்டத்தில்

அன்புள்ள பெரியவளுக்கு,

இரண்டு நாளுக்கு ஒருமுறை போனில் பேசுகிற மகளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய், பொறுத்துக்கொள். போனில் நீ ஒருமுறை சிரித்தால் போதும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். கிளினிக்கில் டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், நான் டோக்கன் கொடுக்கும் மேஜையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், பெஞ்சில் ஒரு தாத்தா குறட்டை விடுகிறார், மற்றபடி யாரும் இல்லை.

வீட்டில் ஒரு வாரமாக ஒரே பேச்சுதான். சின்னவள் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்று இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு உயிரியல்தான் வேண்டும். தெருநாயின் காலுக்குக் கட்டுப் போட என் பழைய துப்பட்டாவைக் கிழித்தவள் அவள், தவளை வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்காது என்கிறாள். அப்பா ஒரே பிடியாக, நீ படித்த புவியியலும் வரைபடமும்தான் அவளும் படிக்க வேண்டும் என்கிறார். "அக்கா போன ரோட்டுல போ, புது ரோட்டுல எங்க பள்ளம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்றார். பஸ் மெக்கானிக் வேறு எப்படிப் பேசுவார். இவளும் விடவில்லை, "அக்கா வண்டி டயர் வேற, என் வண்டி டயர் வேறப்பா" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு சோப்பு கேட்கக்கூட என்னைத் தூது அனுப்புகிறார்கள்.

அப்பா சொல்வதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார், அதுதான் என்னைத் தின்கிறது. "பெரியவளும் உயிரியல்தான் கேட்டா. ஸ்கூல்ல மார்க்கப் பாத்து, இவளுக்கு எது வரும்னு தெரிஞ்சு மாத்திக் குடுத்தாங்க. இப்ப எங்க இருக்கா பாரு. புள்ளைங்களுக்கு என்ன தெரியும், தெரிஞ்சவங்க குடுக்கறத வாங்கிக்கணும்" என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் இதையே சொல்லி, அதை நம்பி இன்னொருவர் தன் பையனுக்கும் அதையே எழுதிவிட்டாராம்.

பள்ளியில் யாரும் எதையும் மாற்றவில்லை, கண்ணே. நான்தான் மாற்றினேன், தெரியாமல். உன் படிவத்தை நிரப்பியது நான் என்பது உனக்கு நினைவிருக்கும். மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி நான், எந்தக் காகிதம் வந்தாலும் "படிச்சவகிட்ட குடு" என்று என் கையில்தான் வரும். நான்கு பிரிவு, எதிரே நான்கு கட்டம், விருப்ப வரிசைப்படி எண்ணிடவும் என்று இருந்தது. அதிக விருப்பத்துக்கு அதிக எண் என்று எடுத்துக்கொண்டேன், மார்க் போடுவது போல. உயிரியலுக்கு நான்கு, வரைபடத்துக்கு ஒன்று. யாரிடமாவது கேட்டிருக்கலாம். பட்டம் வாங்கியவள் இதைக்கூடவா கேட்பாள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். பட்டியல் ஒட்டிய அன்று உன் வகுப்பு டீச்சர் என்னிடம், "நீங்க மொதல்ல கேட்டதே கெடச்சிருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒன்று என்றால்தான் முதல் விருப்பம் என்று அப்போதுதான் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே நீ நின்றுகொண்டு, "மார்க் பத்தல போலம்மா, விடு" என்று என்னைத் தேற்றினாய். உனக்கு மார்க் போதும், அதற்கு மேலும் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. இப்போது தினமும் காலையில் முதலில் வருகிறவர் கையில் ஒன்றாம் நம்பர் டோக்கனைக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டம்தான் கண்முன் வருகிறது.

ஆனால் அதற்குப் பிறகு நீ செய்ததை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. முதல் மூன்று மாதம் ஸ்கேலைக்கூட உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை, கோடு போட்டால் மை ஈஷிக்கொள்ளும். வாயே திறக்காமல் பள்ளிக்கும் வீட்டுக்கும் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தாய், எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் கையைக் காட்டி நிறுத்துவாய். வந்ததும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வரைவாய். விளக்குக் கம்பம், சாக்கடை மூடி, டெய்லர் அக்கா வீட்டுப் படி, மழை பெய்தால் முதலில் தண்ணீர் தேங்கும் இடம். அந்தத் தண்ணீர் தேங்கும் இடத்தைக் குறிக்க உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்று ஒரு ஊருக்கே வெள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று வரைந்து கொடுக்கிறாய், அதைப் பார்த்து ஆட்களை முன்கூட்டியே மேட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நீ சொன்னபோது, அந்தக் காலண்டர் தாள்தான் என் கண்ணில் வந்தது. கேட்காத பிரிவு கிடைத்ததால் நீ இந்த இடத்துக்கு வரவில்லை. கிடைத்ததை நீ விடாமல் பிடித்ததால் வந்தாய். அந்தப் பெருமையைப் பள்ளிக்கும் கொடுக்க மாட்டேன், என் தப்புக்கும் கொடுக்க மாட்டேன். உயிரியல் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. சின்னவளுக்கு அந்தக் கேள்வி மிச்சமிருக்கக் கூடாது.

நீ நன்றாக இரு, உன் கை வரையும் கோடெல்லாம் யாருக்காவது பயன்படட்டும். வெளிவேலைக்குப் போகும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், சளி இருந்தால் மறைக்காதே. கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும், கேட்கலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு சாயங்காலம், அப்பாவிடம் நானே சொல்லப் போகிறேன், சின்னவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. அந்த நேரத்துக்கு நீ கூப்பிட வேண்டும். எனக்காகப் பேச வேண்டாம், பரவாயில்லம்மா என்று இடையில் சொல்லிவிடாதே, சொன்னால் அத்தோடு நிறுத்திவிடுவேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கிற வரை போனை வைக்காமல் மட்டும் இரு.

உன் அம்மா