நாலாயிரம் மணி நேரம், பன்னிரண்டாயிரம் இறக்கம்

மார்ச் 4, செவ்வாய்

விமானப் பாதுகாப்பு ஆணையம் இன்று ஐந்து அறிவிப்புகள் வெளியிட்டது. நான்கு பயனற்றவை. ஐந்தாவது ஒரு வரைவு விதி. ஐம்பது பேர் போகும் புரொப்பெல்லர் விமானம் ஒன்றில், சக்கரங்களை இறக்கவும் உள்ளே இழுக்கவும் ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. அதன் நுனியில் திருகி மாட்டிய உலோக மூடி. ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த மூடிகளில் விரிசல் விழுகிறது. மூடி பிளந்தால் எண்ணெய் கொட்டிவிடும், அழுத்தம் போய்விடும். சக்கரம் இறங்காமல் போகலாம். இதுவரை மூன்று மூடிகளில் கண்டிருக்கிறார்கள். மூடி மாட்டி நாலாயிரம் மணி நேரம் பறப்பதற்குள் மாற்ற வேண்டும் என்பது யோசனை. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஏப்ரல் 18 வரை அவகாசம்.

ஆறு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் ஒன்பதாம் பக்கத்தில், குடிநீர் நிறுத்த அறிவிப்புக்குக் கீழே போட்டார். “மூடிக்கு இது போதும்மா,” என்றார்.

மார்ச் 5, புதன்

நாத்தனார் மாடியிலிருந்து பேப்பரோடு இறங்கி வந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் ஸ்பேனர். இதே ரக விமானங்கள் ஆறு வைத்திருக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக உரிமம் பெற்ற மெக்கானிக். அவை கடலைத் தாண்டி இருபது நிமிஷம் பறக்கும், இறங்கும், திரும்பும். நாளெல்லாம் அதுதான் வேலை.

“அண்ணி, இதுல மணி நேரம்னு போட்டிருக்கே. இது உங்க தப்பா, அவங்க தப்பா?”

முப்பத்தோரு வருஷம் நிருபர் வேலை பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! வரைவை எடுத்துக் காட்டினேன். மணி நேரம்தான்.

“அப்ப அவங்கதான். ஆகாசத்துல அந்த மூடி தூங்குது அண்ணி. சக்கரம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதுக்கு அடி. எத்தனை மணி பறந்துச்சுன்னு கேட்டா என்ன பிரயோசனம்? எத்தனை தடவை இறங்குச்சுன்னு கேக்கணும்.”

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை ஒதுக்கிவிட்டு, பேப்பர் ஓரத்தில் பென்சிலால் போட்டார். இரண்டு மணி நேரப் பயணம் போகிற விமானம் நாலாயிரம் மணியில் இரண்டாயிரம் தடவை இறங்கும். இருபது நிமிஷப் பயணம் என்றால் பன்னிரண்டாயிரம்.

ஒரே மூடி. ஒரே விதி. ஆறு மடங்கு அடி.

மார்ச் 6, வியாழன்

பன்னிரண்டாயிரம். பல் தேய்க்கும்போதும் அதுதான் ஓடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

வரைவின் கடைசிப் பக்கத்தில் விசாரணைக்கு என்று ஒரு பொறியாளரின் தொலைபேசி எண் இருந்தது. யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருப்பார் போல. முதல் மணியிலேயே எடுத்தார். கணக்கைச் சொன்னேன். மறுமுனையில் பென்சில் கிறுக்கும் சத்தம். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம் மேடம். ஆனா குறுகிய தூரம் பறக்கற விமானத்துல ஒரு விரிசல்கூட பதிவாகலையே. எங்க கையில இருக்கற மூணுமே ரெண்டு மணி நேர விமானம். பதிவு இல்லாம நான் என்னத்த வெச்சு மாத்தறது? யாராவது காட்டட்டும், மாத்தறோம்.”

மழுப்பவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஒரு மூடி கிடைத்தால் போதும் — ஒன்றே ஒன்று.

மார்ச் 8, சனி

பொறியாளர் சொன்னதை ஸ்பேனரிடம் அப்படியே ஒப்பித்தேன். குஷியாகத்தான் சொன்னேன். அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் பாத்திருக்கேன் அண்ணி.”

போன வருஷம் ஜனவரியில் ஒரு விமானத்தில் எண்ணெய்க் கசிவு. மூடியைக் கழற்றியபோது திருகு மரைக்குள்ளே முடி மாதிரி ஒரு கோடு. விமானம் கிளம்ப நாற்பது நிமிஷம் இருந்தது. புது மூடி, புது சீல் — எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம் — போட்டு அனுப்பிவிட்டாள். பதிவேட்டில் எழுதியது: ‘சீல் கசிவு. மாற்றப்பட்டது.’

“எங்க ஹேங்கர்ல கசிவுன்னா சீல்தான். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். விரிசல்னு எழுதினா தனி படிவம், மூடியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும், பதில் வர்ற வரைக்கும் விமானம் நிக்கும். பொய் எழுதச் சொல்லி யாரும் சொல்லலை. மாத்தியாச்சுல்ல, அப்புறம் என்னன்னு...”

ஆக, குறுகிய தூர விமானங்களில் விரிசல் விழாமல் இல்லை. கழற்றியவர்களே அதைச் சீல் ஆக்கிவிட்டார்கள். ஆணையத்தின் கணக்கில் அது வருவதற்கு வழியே இல்லை!

என் கை தானாகப் பேனாவுக்குப் போயிருக்கிறது. அவள் பார்த்துவிட்டாள்.

“இப்ப அண்ணியா கேக்கறீங்களா, பேப்பர்காரியா கேக்கறீங்களா?”

பேனாவை மூடினேன். இங்கே எழுதுவது கணக்கில் சேருமா? தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

செய்தி ஆசிரியர் மோப்பம் பிடித்துவிட்டார். “என்னம்மா, மூஞ்சியில முதல் பக்கம் தெரியுது?”

“இன்னும் வேகலை சார்.”

“அடுப்புல என்ன இருக்குன்னாவது சொல்லேன்.”

சொல்லவில்லை. இந்த மாதிரி ஒன்று கையில் விழுந்து ஏழு வருஷம் இருக்கும். நாற்காலியில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

பெயர் போடாமல் கருத்து அனுப்பலாமா என்று ஸ்பேனர் கேட்டாள். அனுப்பலாம், யாரும் மதிக்க மாட்டார்கள். பதிவேட்டில் சீல் என்று இருக்கிறது. அது சீல் அல்ல என்று சொல்ல, எழுதிய கையால்தான் முடியும். சொன்னால் உரிமத்துக்கு ஆபத்து. பதிவேட்டில் உண்மையை மறைப்பது குற்றம்.

இதைத்தான் சொன்னேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தினேனா? இல்லை என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கோபப்பட்டார். “அவளுக்கு அது பதினாலு வருஷம். உனக்கு ஒரு தலைப்பு.”

ஏன் அப்படிச் சொன்னார்? முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது நான் வீட்டு விஷயத்தைப் பேப்பரில் — சரி விடு. பாதி உண்மை அதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சுடுது.

மார்ச் 14, வெள்ளி

யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஸ்பேனர் இறங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன நோட்டைப் போட்டாள். வேலை உடுப்பின் பையில் வைத்திருப்பது. எண்ணெய்க் கறை ஏறி, ஓரங்கள் கறுத்துப்போனது. பதிவேட்டில் எழுதுவது கம்பெனிக்கு, இதில் எழுதுவது தனக்கு என்றாள். கழற்றியதை எல்லாம் தேதியோடு குறித்து, கண்ணால் பார்த்ததைப் படமும் போட்டுவைத்திருக்கிறாள்.

ஒரு மூடி இல்லை. மூன்று. பதினான்கு மாதத்தில் மூன்று விமானங்களில்.

மூன்று சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு, பக்கத்தில் நீளம் மில்லிமீட்டரில். அன்றுவரை அந்த மூடி எத்தனை தடவை இறங்கியது என்பதும் இருந்தது: 2,310. 2,640. 2,475.

ஆணையத்தின் மூன்று விரிசல்களும் மணி நேரத்தில் இருந்தன: 4,700, 5,050, 5,200. அவை இரண்டு மணி நேர விமானங்கள் என்பதால் வீட்டுக்காரர் அவற்றை இரண்டால் வகுத்து, இவளுடைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதினார். 2,350. 2,525. 2,600.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “ஆறும் ஒரே இடத்துல வந்து உக்காருது, பாரு!”

மணி நேரத்தில் பார்த்தால் அவள் மூடிகள் எண்ணூறு மணியைச் சுற்றி உடைகின்றன. விதியோ நாலாயிரம் வரை விடச் சொல்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“இப்ப பறந்துட்டிருக்கறதுல ரெண்டாயிரத்தைத் தாண்டினது நாலு அண்ணா,” என்றாள் அவரிடம். “இத தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நான் எப்படி நாளைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

அவளே எழுதினாள். நான் அடைமொழிகளை மட்டும் எடுத்தேன். ‘மிக மிக அபாயகரமான’ போயிற்று. ‘தயவுகூர்ந்து உடனடியாக’ போயிற்று.

“நீங்க வெட்டும்போது எனக்கு வலிக்குது அண்ணி.”

“எண் இருக்கற இடத்துல கூச்சல் எதுக்கு?”

கடைசிப் பத்தியை நான் தொடவில்லை: ‘மேலே சொன்ன மூன்று முறையும் பதிவேட்டில் சீல் கசிவு என்று எழுதியது நான். நான் கண்டது விரிசல்.’ கீழே பெயர், உரிம எண்.

அனுப்பும் பொத்தானை அண்ணனை அமுக்கச் சொன்னாள். “எழுதின கைதான் அமுக்கணும்,” என்றார். அமுக்கினாள். பிறகு மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது ஏதோ பேசப்போகிறது போல.

மார்ச் 20, வியாழன்

ஆணையத்தின் தளத்தில் வந்துவிட்டது. பதினோராவது கருத்து. இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் — என்னைத் தவிர.

செய்தி ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நீதிமன்ற நிருபருக்குக் கொடுங்கள் என்றேன். இருபது வருஷமாக முதல் பக்கத்துக்கு அவரும் நானும் முட்டிக்கொள்வது ஊரறிந்தது.

“அவருக்கா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?”

“என் நாத்தனார் சார். என் பேர் அதுல வரக் கூடாது.”

நீதிமன்றக்காரர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. “முதல்லேருந்து சொல்லுங்க, எனக்கு இயந்திரம்னா சைக்கிள்தான் தெரியும்,” என்றார்.

மார்ச் 21, வெள்ளி

முதல் பக்கம், நான்கு பத்தி அகலம்! பன்னிரண்டாயிரத்தைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார். நான் அதை மூன்றாவது வாக்கியத்தில் வைத்திருப்பேன். அவர் செய்தது சரி.

மார்ச் 25, செவ்வாய்

ஹேங்கரில் ஃபோர்மேன் அவளோடு பேசுவதில்லை. பேசிய ஒரே வாக்கியம்: “எல்லாரையும் சேத்து மாட்டி விட்டுட்டியேம்மா.” வேலை பழகியது அவரிடம்தான். சிலிண்டர் பக்கமே விடாமல், இருக்கை பெல்ட் சரிபார்க்கப் போட்டிருக்கிறார்கள். முந்நூறு பெல்ட்.

“எல்லாம் நல்லாத்தான் பூட்டுது,” என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

ஏப்ரல் 9, புதன்

இன்று கருத்துகள் பதினேழு. அதில் நான்கு வேறு கம்பெனி மெக்கானிக்குகளுடையவை. நால்வரும் பெயர் போட்டிருக்கிறார்கள்! நால்வரும் ‘சீல் என்று எழுதினேன்’ என்கிறார்கள். ஒருவர் மூடியையே தூக்கிப் போடாமல் வைத்திருந்து புகைப்படம் அனுப்பியிருக்கிறார். கோடு பளிச்சென்று தெரிகிறது.

பேருந்தில் இருந்தே அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். பக்கத்து இருக்கைக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மே 20, செவ்வாய்

உரிமம் அறுபது நாள் நிறுத்தம். தானாக முன்வந்து சொன்னதால் குறைத்ததாகக் கடிதம் சொல்கிறது. நான் இரண்டு தடவை படித்தேன். ஸ்பேனர் ஒரு தடவை படித்து மடித்து வைத்தாள்.

“அறுபது நாளா! வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன் அண்ணி?”

விதி என்ன ஆகும் என்று ஆணையம் வாய் திறக்கவில்லை. அவள் கொடுத்தது கொடுத்ததுதான்; பதிலுக்கு ஒன்றும் வராமலே போகலாம்.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது. இறுதி விதி.

பதினான்காம் பக்கம், நடுப்பத்தி. பிரதி எடுக்கிறேன்: ‘ஒரு பராமரிப்புப் பணியாளரும், அவரைத் தொடர்ந்து நால்வரும், பறந்த மணி நேரத்துக்குப் பதிலாகத் தரையிறங்கிய எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கக் கோரினர். ஒப்புக்கொள்கிறோம்.’

ஒப்புக்கொள்கிறோம்! அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. இரண்டாயிரம் இறக்கம், ஏற்கனவே தாண்டியவை பத்து நாளுக்குள் மாற்ற வேண்டும். செய்தி அறையில் நின்று உரக்கப் படித்தேன். நீதிமன்றக்காரர் மேஜையைத் தட்டினார். செய்தி ஆசிரியர் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த விளம்பரத்தை இடம் மாற்றப் போனார். பிறகு திரும்பி வந்து, முதல் பக்கம்தான் என்றார்.

வீட்டில் அவள் அந்தப் பத்தி இருந்த தாளை என் கையில் இருந்து வாங்கவில்லை. “நீங்களே படிங்க,” என்றாள். மூன்று தடவை படித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலை, சமையலறை. ஸ்பேனர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொலைபேசி அடித்தது. கை ஈரம் என்பதால் நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன். ஃபோர்மேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

இரண்டாயிரத்தைத் தாண்டிய நான்கில் மூன்றைக் கழற்றிவிட்டார்களாம். ஒன்றில் ஒன்றுமில்லை. இரண்டில் கோடு. அதில் ஒன்று மூடியைப் பாதி சுற்றி வந்திருக்கிறது. நாலாவது அசைய மாட்டேன் என்கிறது, திருகுசாவி வழுக்குகிறது.

பிறகு கேட்டார்: “நீ எப்படிம்மா எடுத்தே?”

“நான் தொடக் கூடாது சார். பேசலாம்ல?”

“பேசேம்மா, பேசு.”

“அழுத்தம் முழுசா இறக்கிட்டீங்களா? சரி. நேரா திருப்பாதீங்க. முதல்ல இறுக்கற பக்கமே துளி. துளிதான். இப்ப இந்தப் பக்கம்...”

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியைச் செருகிக்கொண்டாள். ஈர வலது கை காற்றில் எதையோ பிடித்து, மெதுவாக, கால் சுற்று, அரைச் சுற்று திரும்பியது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழாய் திறந்தபடி ஓடியது. நான் மூடவில்லை, சத்தம் மாறினால் கை தவறிவிடும் என்று பயம், எனக்கு.

“வருதா சார்? பலம் போடாதீங்க. அதுவா வரும்... வருதா?”