அண்ணிக்காக நீ கண்டுபிடித்த வார்த்தை

என் பிரியமான ஜெயா அண்ணா,

கல் வைத்தாகிவிட்டது. அண்ணியின் கல்லறையிலேயே உன்னையும் வைத்ததால் இரண்டு பேருக்கும் ஒரே கல். லில்லி அண்ணி பெயர் மேலே, உன் பெயர் கீழே. அதற்கும் கீழே ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. ஏனென்று உனக்குத் தெரியும்.

அண்ணி போன பிறகு நீ சொன்னாய்: "கல்லுல நாலு வரி வசனமெல்லாம் வேண்டாம் ரூபி. அவளுக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதும்." வாழ்நாள் முழுக்க கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிய ஆள் நீ. சேலையூரில் உங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் உன்னிடம்தான் வருவார்கள். எழுதி முடித்த பிறகும் கிளம்பாமல் அண்ணியின் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்வார்களே, அதற்குத்தான் நீ வார்த்தை தேடினாய்.

அண்ணி இனிக்க இனிக்கப் பேசுகிறவரும் இல்லை. "வந்தியா? உக்காரு. இந்தா, பூண்டை உரி" என்பார். மாடி வீட்டு மாலதி புருஷனோடு சண்டை போட்டுவிட்டு இறங்கி வந்தால் என்ன ஏதென்று கேட்கமாட்டார். பூண்டுத் தட்டை நகர்த்துவார், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் மாலதி தானாகவே பேசத் தொடங்குவாள். பள்ளிக்கூட ஆயா, தெருமுனை ஆட்டோக்காரர் எல்லோரும் அப்படித்தான். அவர்களை எது அங்கே இழுத்தது?

ஒரு வியாழக்கிழமை நீ போன் செய்தாய். "கிடைச்சிடுச்சு ரூபி!" அண்ணி போன பிறகு உன் குரலில் சந்தோஷத்தை அன்றுதான் கேட்டேன்.

"சொல்லு, சொல்லு."

"போன்ல வேணாம். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வா. நேர்ல சொல்றேன்."

நான் விடாமல் கேட்டிருக்கக் கூடாதா? அடுப்பில் வேலை இருந்தது. சரி என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை உனக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. சில வாரங்கள் கழித்து தண்ணி, வேணாம், ரூபி என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிறகு ஒருநாள் அண்ணியின் போட்டோவைக் காட்டி, "ஆளுங்க... வருவாங்க... அது... அது..." என்றாய்.

இரும்புலியூரில் தையல் வகுப்பு நடத்துகிற எனக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்? "சார்ம், அதுவா அண்ணா?" என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினாய். "மேக்னெட்?" அதுவும் இல்லை. "அட்ராக்‌ஷன்?" உனக்குக் கோபமே வந்துவிட்டது. உன் மகன் கனடாவிலிருந்து வீடியோ காலில், "கரிஸ்மாவாப்பா?" என்று கேட்டான். கண்ணை மூடிக்கொண்டாய். உன் அகராதியை மடியில் வைத்து முதல் எழுத்திலிருந்து படித்துக் காட்டினேன். மூன்றாம் எழுத்து முடிவதற்குள் உனக்குக் கண்ணீர் வழிந்தது. மூடிவிட்டேன்.

ஒரு மத்தியானம் திடீரென்று, அத்தனை தெளிவாகச் சொன்னாய்: "பஸ் ஸ்டாப்."

நான் சிரித்துவிட்டேன், அண்ணா. ஒன்றைச் சொல்ல நினைத்தால் வேறொன்று வாயில் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படித்தான் என்று நினைத்தேன். நீ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு முயற்சி செய்யவே இல்லை. அது தவறி வந்ததுதானா? இல்லை, தேடியதற்குப் பக்கத்தில் வந்துவிட்டாயா? இனி யாரிடம் கேட்பேன்?

மூன்றே வாரத்தில் நீயும் போனாய். உன் மேஜை, டைரி, சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டு வரைக்கும் பார்த்துவிட்டேன். எங்கும் நீ எழுதி வைக்கவில்லை.

கல் கடைக்காரர் என்னை விடவில்லை. "கீழ இன்னாம்மா போடணும்? காலியா வுட்டா நல்லாவா கீது? எல்லாரும் 'இன் லவிங் மெமரி' போடுறாங்க. அதையே போட்டுடவா?"

"வேணாங்க. எடத்த மட்டும் விட்டுடுங்க."

போன ஞாயிறு கல் வைத்தபோது மாலதி, ஆயா, ஆட்டோக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்தும் யாரும் நகரவில்லை. ஆட்டோக்காரர்தான் கேட்டார், "ஏங்க்கா, கீழ ஒண்ணும் எழுதலையே?"

நடந்ததைச் சொன்னேன். ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். இங்கிலீஷில் இல்லாவிட்டால் போகிறது, தமிழில்கூட ஒன்றும் அகப்படவில்லை. மாலதி அழுதுவிட்டாள். "வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. இனிமே எங்க போய் உக்கார்றதுன்னுதான் தெரியல."

என் வீட்டுக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் என்னால் முடியும். நீ வேண்டாம் என்ற எந்த வார்த்தையையும் அந்த இடத்தில் செதுக்க விடமாட்டேன். யார் கேட்டாலும், நான் உயிரோடு இருக்கும்வரை, அது உன் வார்த்தைக்கான இடம் என்று சொல்வேன். என்ன வார்த்தை என்று கேட்டால் தெரியாது என்பேன்.

உன் ஒரே தங்கை,
ரூபி