ஜெபத்துக்கு நடுவில் வந்த மீன்

நவம்பர் 11, திங்கள்

சனிக்கிழமை மல்பே கடலில் படகில் இருந்தவர்கள்: மகன் யூஜின், மருமகள் குளோரியா, தம்பி கில்பர்ட், படகுக்காரன், நான். வேறு யாரும் இல்லை. எனக்கு மறக்காது.

தீவுக்குப் பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. படகுக்காரன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டான். குளோரியாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. சபையில் மூப்பர் ஆனதிலிருந்து கில்பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபிப்போம்" என்றான். மூடினார்கள். நான் மூடவில்லை. நடுக்கடலில் கண்ணை மூடுகிற புத்திசாலித்தனம் எனக்குக் கிடையாது.

அப்போதுதான் வந்தது. மீன். படகைவிட நீளம். கருத்த முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி, சுங்குடிச் சேலையை நனைத்து விரித்த மாதிரி. சத்தமே இல்லை. கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பேன். படகுக்கு அடியில் நுழைந்தது, அவ்வளவுதான்.

கில்பர்ட்டும் பார்த்தான். "ஆண்டவரே, இந்தப் படகை" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். என் தோளை இறுக்கிப் பிடித்தான். அப்புறம்தான் மிச்ச ஜெபம். ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிற மூப்பர்!

நவம்பர் 13, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மீனைப் பற்றிச் சொன்னேன். யூஜின் சிரிக்கவில்லை. அதுதான் வினை.

"இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. இனிமே அத்தைய தனியா கேஸ் பத்தவைக்க விடலாமா?" என்றாள் குளோரியா. நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

என் பிரேசர் டவுன் வீட்டை விட்டு ஹெப்பகோடியில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு வா வா என்று எத்தனை வருஷமாக நச்சரிப்பு. அசையாமல் இருந்தேன். இப்போது நல்ல சாக்கு கிடைத்துவிட்டது — நானே கொடுத்தது.

நவம்பர் 17, ஞாயிறு

கில்பர்ட்டை வரவழைத்து எல்லார் முன்னாடியும் கேட்டேன். "அந்தச் சுங்குடிச் சேலை மாதிரி மீன நீ பாத்தியா இல்லையாடா? ஒரு வார்த்தை சொல்லு, என்னை இந்த வீட்டுலயே விட்டுடுவாங்க."

"ஜெபத்துல கண்ண மூடிட்டுத்தான்க்கா இருந்தேன்." குளோரியா கொடுத்த கேக் வாய்க்குள்ளே இருந்தது.

ஏழு வயசில் என் ஜவ்வுமிட்டாயைத் தின்றுவிட்டு, சிவந்த நாக்கோடு நின்று இல்லை என்றவன் இவன்தான்.

டிசம்பர் 2, திங்கள்

ஹெப்பகோடி. அடுப்பைத் தொடக்கூடாதாம். காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். இந்த வயசில், கேட்டு.

டிசம்பர் 29, ஞாயிறு

வருஷக் கடைசி ஆராதனை. சாட்சி சொல்ல கில்பர்ட் மைக்கைப் பிடித்தான். "நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. ஜெபிச்சு முடிச்சு கண்ணத் திறந்தேன். கர்த்தர் எனக்கு ஒரு பெரிய மீனைக் காட்டினார். முதுகெல்லாம் புள்ளி, சுங்குடிச் சேலை மாதிரி."

சுங்குடிச் சேலையாம். அதுவும் நான் சொன்னது. சபை முழுக்க ஆமென். யூஜின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காரில் யூஜினைக் கேட்டேன். "ஏண்டா, அதே மீனத்தானே நானும் சொன்னேன்?"

"மாமா சொன்னது சாட்சிம்மா."

"அப்ப நான் சொன்னது?"

குளோரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மாத்திரை போட்டீங்களா அத்தை?"

பிரேசர் டவுன் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று.

வருஷம் முடிகிறது, எல்லாரையும் மன்னித்துவிடுங்கள் என்று போதகர் சொன்னார். சரி. யூஜினை மன்னித்தேன், பயந்த பிள்ளை. குளோரியாவையும் மன்னித்தேன். அவள் நிஜமாகவே கண்ணை மூடியிருந்தாள்.

கில்பர்ட்டை மாட்டேன்.